மூச்சு விடாத தாளம்: 'ஸ்ட்ரீட்கிளீனர்' கேள்வி-பதில்

இந்த முறை எல்லாக் கேள்விகளும் ஒரே ஆல்பத்தைச் சுற்றியவை. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தைச் சேர்ந்த காட்ஃப்ளெஷ் குழு 1989 நவம்பரில் வெளியிட்ட 'ஸ்ட்ரீட்கிளீனர்'. இண்டஸ்ட்ரியல் மெட்டல் என்ற இசைவகைக்கு அடித்தளம் போட்ட ஆல்பங்களில் ஒன்று.

இண்டஸ்ட்ரியல் மெட்டல் என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள்.
(திருச்சி)

ஹெவி மெட்டலின் கிட்டார், தொழிற்சாலையின் தாளம், இரண்டுக்கும் நடுவில் விட்டுக்கொடுக்காத ஒரு மனிதக் குரல்.

ஒரு வரி போதவில்லை. இந்த இசை எங்கிருந்து கிளம்பியது?
(மதுரை)

இரண்டு பரம்பரைகளிலிருந்து. முதலாவது, சத்தத்தையே இசையாக எடுத்துக்கொண்டவர்கள். லண்டனில் த்ராபிங் கிரிசில் குழு 1976-ல் 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்று ஒரு வெளியீட்டகம் தொடங்கியது. டேப், சிந்தசைஸர், இரைச்சல், பேச்சுத் துணுக்குகள் ஆகியவைதான் அவர்களுடைய கருவிகள். 1980-ல் மேற்கு பெர்லினில் ஐன்ஸ்டூர்ட்செண்டே நொய்பாவ்டன் குழு துளையிடும் இயந்திரத்தையும் பழைய இரும்புத் தகடுகளையும் மேடையேற்றியது.

இரண்டாவது, பிளாக் சபாத் தொடங்கிவைத்த கனத்த கிட்டார் மரபு. இரண்டுக்கும் நடுவே 1980-களில் சில குழுக்கள் பாதை போட்டன: லண்டனில் கில்லிங் ஜோக், நியூயார்க்கில் ஸ்வான்ஸ், சிகாகோவில் டிரம் மெஷினை வைத்தே ராக் வாசித்த பிக் பிளாக். 1989-ன் கடைசி மாதங்களில் எல்லாம் ஒன்றுகூடின. அக்டோபரில் நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. நவம்பரில் மினிஸ்ட்ரியின் நான்காவது ஆல்பமும் 'ஸ்ட்ரீட்கிளீனரு'ம் ஒரே வாரத்தில் வந்தன.

மூன்றையும் சொல்லிவிட்டு காட்ஃப்ளெஷை மட்டும் தூக்கிப் பிடிக்கிறீர்களே, ஏன்?
(சென்னை)

நைன் இஞ்ச் நெய்ல்ஸுக்கு நடனமாடலாம். மினிஸ்ட்ரிக்குத் துள்ளிக் குதிக்கலாம். காட்ஃப்ளெஷ் கேட்கும்போது நின்ற இடத்தில் நிற்கத்தான் முடியும். மற்றவர்கள் இயந்திரத்தை வேகத்துக்காக அழைத்தார்கள், இவர்கள் எடைக்காக அழைத்தார்கள். அந்த எடை 35 வருடங்களுக்கு மேலாகியும் ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

குழுவில் மொத்தம் எத்தனை பேர்?
(கரூர்)

மனிதர்கள் இரண்டு பேர். ஜஸ்டின் பிராட்ரிக் கிட்டார் வாசித்துப் பாடுகிறார். ஜி. சி. கிரீன் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். சில பாடல்களில் பால் நெவில் இன்னொரு கிட்டாரோடு சேர்ந்துகொள்கிறார். தாளம் முழுக்க இயந்திரத்தின் பொறுப்பு. கலைஞர்கள் பட்டியலில் அதற்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆல்பம் வெளியானபோது பிராட்ரிக்குக்கு வயது 20.

டிரம்மர் கிடைக்காததால்தான் இயந்திரத்திடம் போனார்களா?
(ஈரோடு)

டிரம்மர் குழுவுக்குள்ளேயே இருந்தார்! பிராட்ரிக்கே நல்ல டிரம்மர். கிரீனும் நெவிலும் முன்பு நடத்திய ஃபால் ஆஃப் பிகாஸ் குழுவில் அவர்தான் டிரம்ஸ். பிறகு ஹெட் ஆஃப் டேவிட் குழுவிலும் அவர்தான் டிரம்ஸ். கை, கால், தோள் எல்லாவற்றாலும் அடித்துப் பழகியவர், மனித உடலால் எது முடியும், எது முடியாது என்று அறிந்தவர், 1988-ல் காட்ஃப்ளெஷ் தொடங்கும்போது டிரம்ஸை இயந்திரத்திடம் கொடுத்தார். வழியில்லாமல் எடுத்த முடிவாக இருந்திருந்தால் ஆல்பம் முழுவதும் அந்தக் குறை தெரிந்திருக்கும். விரும்பி எடுத்த முடிவு என்பதால்தான் பாடல்கள் இயந்திரத்தை மறைக்காமல் முன்வரிசையில் உட்கார வைக்கின்றன.

நான் மிருதங்கம் கற்கிறேன். காலப்பிரமாணம் தவறாமல் இருப்பதுதான் பெரிய விஷயம் என்பார் என் குரு. அப்படியானால் டிரம் மெஷின்தான் மகா வித்வானா?
(தஞ்சாவூர்)

குரு சொன்னது சரி, தம்பி. தவறக்கூடிய ஒருவர் தவறாமல் இருந்தால்தான் அது பெருமை. தவறவே தெரியாத இயந்திரத்துக்கு அந்தப் பெருமை கிடையாது.

ஆனால் அதற்கு வேறொரு குணம் உண்டு. நீங்கள் ஒரே சொல்லை நூறு முறை வாசித்தால் நூறும் நூறு விதமாக விழும். விரலின் அழுத்தம், தோலின் சூடு, மனதின் நிலை எல்லாம் அதில் ஏறிவிடும். 'ஸ்ட்ரீட்கிளீனரி'ல் ஒரு பாடலின் முதல் அடியும் கடைசி அடியும் அச்சில் வார்த்தவை. காது சில நிமிடங்களில் இதைப் புரிந்துகொண்டு, மாற்றத்தைத் தாளத்தில் தேடுவதை நிறுத்திவிடுகிறது. கிட்டார் எங்கே இழுபடுகிறது, குரல் எங்கே கரகரத்து உடைகிறது என்று அங்கே போய் நிற்கிறது. தாளம் கொஞ்சமும் அசையாததால் மனிதர்களின் சின்ன அசைவுகூடப் பெரிதாகக் கேட்கிறது. இந்த ஆல்பத்தின் ரகசியம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஏன் பர்மிங்காம்? லண்டனில் இல்லாத எது அங்கே இருந்தது?
(கோயம்புத்தூர்)

இரும்பு. ஜேம்ஸ் வாட்டும் மேத்யூ போல்டனும் நீராவி எந்திரங்கள் செய்வதற்காக 1796-ல் சோஹோ ஃபவுண்டரியைத் திறந்தது பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெதிக்கில்தான். ஆணி, பேனா முள், பொத்தான், துப்பாக்கி, மோட்டார் கார் என்று எல்லாம் செய்ததால் 'ஆயிரம் தொழில்களின் நகரம்' என்று அதற்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு.

ஹெவி மெட்டலும் அங்கேதான் பிறந்தது, ஒரு பட்டறை விபத்தோடு சேர்ந்து. பிளாக் சபாத்தின் கிட்டார்காரர் டோனி அயோமி பதினேழு வயதில் தகரத் தகடு அழுத்தும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வேலையை விட்டு நிற்க வேண்டிய கடைசி நாளன்று இயந்திரத்தில் கை மாட்டி, வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று. இடது கைப்பழக்கம் உள்ள கிட்டார்காரருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுதான். தொழிற்சாலை மேலாளர் அவருக்கு ஜாங்கோ ரெயின்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். தீ விபத்துக்குப் பிறகு இரண்டே விரல்களால் கிட்டாரில் தனி வாசிப்புகளை வாசித்தவர் ஜாங்கோ. அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்துகொண்டார், மெல்லிய தந்திகளுக்கு மாறினார். பிளாக் சபாத்தின் மூன்றாவது ஆல்பத்தில், 1971-ல், சுருதியையும் இறக்கினார். தளர்ந்த தந்தி, தாழ்ந்த சுருதி, கனத்த நாதம் என்று ஓர் இசைவகையே உருவாகிவிட்டது.

பிராட்ரிக் பிறந்தது 1969-ல். அவர் தலைமுறை வளர்ந்த ஆண்டுகளில் அதே தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டிருந்தன. அந்த ஊரின் புகழ்பெற்ற ரெகே குழு வேலையில்லாதோர் உதவித்தொகைக்கான படிவத்தின் எண்ணையே தன் பெயராக வைத்துக்கொண்டது: யூபி40. இரும்பு ஓடிய காலத்தின் இசை பிளாக் சபாத், இரும்பு நின்றுபோன காலத்தின் இசை காட்ஃப்ளெஷ். 'ஸ்ட்ரீட்கிளீனர்' கேட்கும்போது ஆட்கள் வெளியேறிய பிறகும் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்குள் நிற்கிற உணர்வு வருவது அதனால்தான்.

இருபது வருஷமாக ஃபவுண்டரியில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கக் கேட்கிற சத்தத்தை வீட்டுக்கு வந்தும் காசு கொடுத்துக் கேட்க வேண்டுமா, ஐயா?
(கோயம்புத்தூர், சிட்கோ)

வேண்டாம், ஐயா. உங்கள் காதுக்கு முதலில் ஓய்வு கொடுங்கள். ஆனால் கேள்வி முக்கியமானது, அதனால் பதிலும் முழுதாக வேண்டும்.

பட்டறைச் சத்தம் உங்களைக் கேட்டு வருவதில்லை. அச்சு விழ வேண்டும், வார்ப்பு முடிய வேண்டும். உங்களுக்கு அன்று உடம்பு சரியில்லை என்றாலும் அது நிற்காது. நீங்கள் கத்தினாலும் அதற்குள் உங்கள் குரல் கேட்காது. இந்த ஆல்பத்தில் இயந்திரம் அதே பிடிவாதத்தோடுதான் அடிக்கிறது, ஆனால் பக்கத்தில் நிற்கும் மனிதனின் குரல் கேட்கிறது. கேட்கும்படி கலவை செய்திருக்கிறார்கள். இயந்திரத்துக்கு அருகில் வாழ்கிற ஒருவன் கத்தினால் அவனுக்கு மேடையும் ஒலிபெருக்கியும் கிடைக்கிறது. பட்டறையில் யாரும் தராத ஒன்று அது. என்றைக்காவது ஒரு விடுமுறை நாளில், உங்கள் கையாலேயே பிளேயரைப் போட்டு, வேண்டாம் என்றால் நிறுத்தும் உரிமையோடு கேட்டுப் பாருங்கள்.

இசை தெரிந்தவர்கள் இதை இரைச்சல் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(கும்பகோணம்)

இரைச்சல் உண்டு. அது வைக்க வேண்டிய இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

வழக்கமான ராக் இசையில் கிட்டார் முன்னே பேசும், பேஸ் அடியில் தாங்கும். இங்கே தலைகீழ். கிரீனின் பேஸ் கிட்டார்தான் திரும்பத் திரும்ப வரும் ரிஃப்பைச் சுமக்கிறது. அது சுத்தமான ஒலியும் இல்லை. ஒலியை அதன் எல்லைக்கு மேல் தள்ளும்போது அலையின் முகடுகள் வெட்டுப்பட்டு, மேல் சுருதிகள் முளைக்கும். டிஸ்டார்ஷன் என்பது அதுதான். ஒற்றைத் தந்தியிலிருந்தே ஒரு கூட்டம் எழுந்த மாதிரி கேட்கும்.

பேஸ் அடித்தளத்தைப் பிடித்துக்கொண்டதால் பிராட்ரிக்கின் கிட்டாருக்கு விடுதலை. அது ராகம் வாசிக்க வேண்டியதில்லை. கிரீச்சிடுகிறது, ஃபீட்பேக்கில் ஊளையிடுகிறது, ஒன்றுக்கொன்று ஒட்டாத சுரங்களை ஒன்றாக ஒலிக்கவிட்டு அப்படியே தொங்கவிடுகிறது. நெருங்கிய இரண்டு சுருதிகள் மோதும்போது ஒரு விம்மல் பிறக்கும். 110 ஹெர்ட்ஸும் 116 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலித்தால் வினாடிக்கு 6 முறை ஒலி எழுந்து அடங்கும். தம்புராவில் இரண்டு தந்திகள் சேராமல் நிற்கும்போது நீங்கள் கேட்டிருப்பீர்கள். கச்சேரிக்காரர் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் பாடத் தொடங்குவார். பிராட்ரிக் அந்தச் சேராமையிலேயே குடியிருக்கிறார். ஒரு மனிதனின் நிம்மதியின்மையைச் சொல்ல அவருக்கு அதைவிட நேர்மையான ஒலி கிடைக்கவில்லை.

இரைச்சலை உரித்துவிட்டால் உள்ளே பாட்டு இருக்கிறதா என்று சந்தேகமா? முதல் பாடலான 'லைக் ரேட்ஸை' ஓர் அமெரிக்கப் பாடகர் கிட்டாரை மட்டும் வைத்து மென்மையாகப் பாடி, 2013-ல் தன் ஆல்பத்துக்கே அந்தப் பெயரை வைத்தார். பாட்டு உறுதியாக நின்றது.

இவர்களுக்கு மெட்டலைத் தவிர வேறு இசை காதில் விழாதா?
(நாகர்கோவில்)

'கிறிஸ்ட்பெய்ட் ரைசிங்' பாடலில் தாளத்தை மட்டும் கேளுங்கள். அது மெட்டல் நடை கிடையாது, ஹிப் ஹாப் நடை. எரிக் பி அண்ட் ராக்கிம் இரட்டையரின் 'மைக்ரோஃபோன் ஃபீண்ட்' பாடலின் தாளத்தைப் பிடிக்க முயன்றதாக பிராட்ரிக்கே சொல்லியிருக்கிறார். நியூயார்க் ராப் இசையின் இடுப்பை பர்மிங்காம் இரும்பில் வார்த்திருக்கிறார்கள். தலையாட்டத் தூண்டுகிற அந்த நடை இருப்பதால்தான் இவ்வளவு கனத்தையும் நம்மால் சுமக்க முடிகிறது.

அதிவேக இசைக்குப் பேர்போன நேபாம் டெத் குழுவுக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டாமே?
(வேலூர்)

உண்டு. 1987-ல் வந்த 'ஸ்கம்' ஆல்பத்தின் முதல் பக்கத்தில் கிட்டார் வாசித்தது பிராட்ரிக்தான். பதிவு நடந்தபோது பள்ளிப் பையனின் வயது. அந்தப் பக்கத்தில்தான் 'யூ சஃபர்' இருக்கிறது. உலகின் மிகச் சிறிய பாடல் என்று கின்னஸில் ஏறியது, நீளம் 1.316 வினாடி. அவ்வளவு வேகத்தைப் பார்த்து முடித்தவர் இரண்டே வருடத்தில் எதிர்த்திசையில் போனார். வேகத்தின் எல்லையைத் தொட்டவருக்குத்தான் மெதுவின் பலம் முழுதாகப் புரிந்திருக்கிறது.

ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. பாடல் வரிகள் முக்கியமில்லையா?
(புதுச்சேரி)

முக்கியம், ஆனால் மிகக் குறைவு. சில பாடல்களில் மொத்தமே கைவிரல் விட்டு எண்ணும் அளவு வரிகள்தான். திரும்பத் திரும்ப வரும். பயம், அவமானம், கூட்டத்தின் கொடூரம், தன்மீதே வரும் வெறுப்பு ஆகியவைதான் பொருள். கதை சொல்லவோ தத்துவம் பேசவோ இடம் இல்லை. வலி முற்றியவர் நீண்ட வாக்கியம் பேசுவதில்லை. குரலையும் அதே நியாயத்தோடுதான் கேட்க வேண்டும், அது இங்கே ஒரு நாலாவது வாத்தியம்.

அட்டைப்படம் பயமுறுத்துகிறது. வீட்டில் பெரியவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?
(ராமநாதபுரம்)

சிலுவைகளில் தொங்கும் உருவங்கள், சூழ்ந்த தீ. கென் ரஸ்ஸல் இயக்கிய 'ஆல்டர்ட் ஸ்டேட்ஸ்' என்ற 1980 திரைப்படத்தில் ஒரு மனப்பிரமைக் காட்சியிலிருந்து எடுத்தது. வெளிச்சமும் ஒலியும் இல்லாத தண்ணீர்த் தொட்டிக்குள் படுத்துத் தன் மனத்தின் ஆழத்துக்குப் போகிற விஞ்ஞானியின் கதை அந்தப் படம். பார்வை, ஒலி எல்லாம் அறுந்த பிறகு உள்ளே என்ன எழும் என்பதுதான் படத்தின் கேள்வி, ஆல்பத்தின் கேள்வியும் அதுதான். பெரியவர்கள் கேட்டால் இதையே சொல்லுங்கள். நல்ல கேள்வியைப் பெரியவர்களும் மதிப்பார்கள்.

என் மகன் கதவைச் சாத்திக்கொண்டு இந்த மாதிரிப் பாட்டுதான் கேட்கிறான். மனசு சரியில்லையோ என்று பயமாக இருக்கிறது.
(சேலம், ஓர் அம்மா)

பயப்படாதீர்கள் அம்மா, ஆனால் கவனியுங்கள். இரண்டும் வேறு.

இருட்டான இசை கேட்பதால் மட்டும் ஒரு பிள்ளையின் மனம் இருண்டுவிடாது. கோபத்தையும் துக்கத்தையும் வெளியே சொல்லத் தெரியாத வயதில், அதைத் தனக்காக வேறொருவர் உரக்கச் சொல்லிவிட்டால் பெரிய ஆறுதல். நம் ஊரில் ஒப்பாரி இருந்ததும் அதற்காகத்தானே! அழுகைக்கு ஒரு தாளம் கொடுத்தால் அழுபவரால் அதைத் தாங்க முடிகிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது பாட்டை அல்ல, பிள்ளையை. சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, நண்பர்களோடு பேசுகிறானா, முன்பு பிடித்தது இப்போதும் பிடிக்கிறதா? இவற்றில் மாற்றம் தெரிந்தால் தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு நாள் கதவைத் தட்டி, 'எனக்கும் ஒரு பாட்டுப் போடுடா' என்று பக்கத்தில் உட்காருங்கள். அம்மா கேட்டால் அவன் தேடித் தேடிப் போடுவான்.

ஃபியர் ஃபேக்டரியின் 'டிமேனுஃபேக்சர்' ஆல்பம்தான் இந்த வகையின் உச்சம் என்பேன். மறுக்க முடியுமா?
(சென்னை, அம்பத்தூர்)

மறுக்க மாட்டேன், பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். 1995-ல் வந்த அந்த ஆல்பத்தில் ரேமண்ட் ஹெர்ரேரா என்ற மனிதர் டிரம்ஸ் வாசிக்கிறார், இயந்திரம் என்று நம்பும்படி. அவருடைய பேஸ் டிரம்மும் டினோ கசாரஸின் கிட்டாரும் ஒரே வெட்டில் விழுகின்றன. மனிதன் இயந்திரமாக மாறும் கதைக்கு அதுதான் பொருத்தமான ஒலி. காட்ஃப்ளெஷில் நடப்பது வேறு, இங்கே மனிதன் மாற மறுக்கிறான். அங்கே கேட்பவருக்குக் கிடைப்பது கச்சிதத்தின் கிளர்ச்சி, இங்கே கிடைப்பது உரசல். எனக்கு உரசல்தான் வேண்டும்.

ஒரு சுவையான தொடர்பும் உண்டு. 'டிமேனுஃபேக்சரி'ல் 'டாக் டே சன்ரைஸ்' என்ற பாடல் ஃபியர் ஃபேக்டரியின் சொந்தப் பாடல் அல்ல, ஹெட் ஆஃப் டேவிட்டுடையது. பிராட்ரிக் டிரம்ஸ் வாசித்தாரே, அதே குழு!

இதே வகையில் ராம்ஸ்டைன் குழு?
(ஒசூர்)

அரங்கம், தீ, அணிவகுப்பு. பத்தாயிரம் பேரோடு சேர்ந்து பாட ராம்ஸ்டைன், தனியாகக் கேட்க காட்ஃப்ளெஷ். இரண்டுக்கும் வாழ்க்கையில் நேரம் வரும்.

பிறகாவது உண்மையான டிரம்மரை வைத்துக்கொண்டார்களா?
(திருநெல்வேலி)

இரண்டு முறை. 1996-ல் 'சாங்ஸ் ஆஃப் லவ் அண்ட் ஹேட்' ஆல்பத்துக்கு பிரையன் மாண்டியா, 2001-ல் 'ஹிம்ஸ்' ஆல்பத்துக்கு டெட் பார்சன்ஸ். இருவரும் அபாரமான கலைஞர்கள், ஆல்பங்களும் நல்லவை. ஆனால் டிரம்மர் வந்ததும் குழு ஒரு நல்ல ராக் குழுவாக ஒலித்தது. நல்ல ராக் குழுக்கள் உலகில் நிறைய உண்டு, காட்ஃப்ளெஷ் ஒன்றுதான். 2002-ல் குழு கலைந்தது. பிராட்ரிக் ஜெசு என்ற பெயரில் இன்னும் மென்மையான, ஒளி கலந்த இசைக்குப் போனார். 2010-ல் அவரும் கிரீனும் மீண்டும் சேர்ந்தபோது மேடையில் மனித டிரம்மர் இல்லை, இயந்திரம் திரும்பி வந்திருந்தது. மறு வருடமே நெதர்லாந்தின் ரோட்பர்ன் விழாவில் 'ஸ்ட்ரீட்கிளீனரை' முழுதாக வாசித்தார்கள். அதன் பிறகு 2014, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் புதிய ஆல்பங்களும் வந்தன.

இப்போது செயற்கை நுண்ணறிவே பாட்டுப் போடுகிறது. அன்றைக்கே டிரம்மரைத் துரத்தியவர்களைக் கொண்டாடுவது முரண் இல்லையா?
(பெங்களூரு)

கூர்மையான கேள்வி. யாருடைய கையில் என்ன இருந்தது என்று பார்ப்போம். டிரம் மெஷின் ஒரு அடியைக்கூடத் தானாக யோசிக்கவில்லை. எந்த அடி எங்கே விழ வேண்டும் என்று பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் பொத்தான் பொத்தானாக அழுத்தி வைத்தார். அதைவிட முக்கியம், இயந்திரம் அங்கே தன்னை மனிதன் என்று காட்டிக்கொள்ளவில்லை. இரும்பு இரும்பாகவே ஒலிக்கிறது, அதன் எதிரே மனிதன் மனிதனாகவே கத்துகிறான். யார் யார் என்று கேட்பவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. இயந்திரம் மனிதக் குரலில் பேசி, பாடியது யார் என்று கேட்பவருக்கே தெரியாமல் போகிற காலத்தில் அந்த வெளிப்படையான எதிர்நிலை எனக்கு முன்பைவிட அவசியமாகப் படுகிறது.

முதல் முறை கேட்பவர் எந்தப் பாடலில் தொடங்கலாம்?
(திண்டுக்கல்)

'லைக் ரேட்ஸ்'. ஆல்பத்தின் முதல் பாடலும் அதுதான், கதவும் அதுதான். முதலில் பேஸை மட்டும் பின்தொடருங்கள். மறுமுறை கிட்டாரை. மூன்றாம் முறை குரலை. அடுத்து 'கிறிஸ்ட்பெய்ட் ரைசிங்'. பிறகு 'பல்ப்', இயந்திரத் தாளத்தின் பிடிவாதம் இதில்தான் மிகத் தெளிவாகத் தெரியும். தலைப்புப் பாடலைக் கடைசிக்கு வையுங்கள். குற்றவாளி ஒருவரின் வாக்குமூலம் போன்ற பேச்சோடு தொடங்கும் அது, மனதைத் தயார் செய்துகொண்டு கேட்க வேண்டிய பாடல். முதல் பதிப்பில் 10 பாடல்கள். குறுந்தகட்டில் 'டைனி டியர்ஸ்' தொகுப்பின் நான்கு பாடல்களையும் சேர்த்திருப்பார்கள்.

எவ்வளவு சத்தமாக வைக்க வேண்டும்? நண்பன் முழு சத்தத்தில் கேட்டால்தான் மரியாதை என்கிறான்.
(தூத்துக்குடி)

காது நண்பனுடையது அல்ல, உங்களுடையது. வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்பதென்றால் 80 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு சுமார் 4 மணி நேரம்தான். இந்த ஆல்பத்தின் கனம் தாழ்ந்த சுருதியிலும் மெதுவான நடையிலும் இருக்கிறது. அளவான சத்தத்தில் வைத்தாலும் நெஞ்சில் உட்காரும்.

மூன்று முறை கேட்டேன். பிடிக்கவில்லை. ஏதோ குறை என்னிடமா?
(விழுப்புரம்)

உங்களிடம் எந்தக் குறையும் இல்லை. வலிந்து ரசிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் விடுவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: கேட்டபோது சலித்ததா, தொந்தரவு செய்ததா? சலித்தது என்றால் தாராளமாக விட்டுவிடுங்கள், உலகில் கேட்க எவ்வளவோ இருக்கிறது. தொந்தரவு செய்தது என்றால் ஆல்பம் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. இடுப்பொடிய வேலை, ஈவிரக்கமில்லாத கடிகாரம், தன் குரல் தனக்கே கேட்காத நாட்கள் என்று எல்லோருக்கும் ஏதோ ஒரு இயந்திரம் இருக்கிறது. அதன் எதிரில் நின்று கத்தியும் தாளம் தவறாமல் இருக்க முடியும் என்று இரண்டு இளைஞர்கள் 1989-ல் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். தேவைப்படும்போது எடுத்துக் கேளுங்கள்.